கடிவாய்

மத்தியானத் தூக்கத்திலிருந்து சுந்தரமூர்த்தி எழுந்தபோது போர்வையின் கால்பக்கம் ஈரமாக இருந்தது.

கைவைத்துப் பார்த்தார். தண்ணீர் கொட்டிய ஈரமில்லை. விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. அண்ணாந்து பார்த்தார். காலையிலிருந்து ஆகஸ்ட் மாதத் தூறல் விடவில்லைதான், ஆனால் தளத்தில் எங்கும் ஒழுகின தடமில்லை. பக்கத்துப் பட்டறையில் இரும்பு கடையும் லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அடுகோடிப் பகுதியில் அந்தச் சந்துக்குக் குடிவந்த நாளிலிருந்து கேட்கிற சத்தம் அது. சுவர் வழியாகக் கட்டிலின் இரும்புக் கால்களுக்கு இறங்கி, அங்கிருந்து மெத்தைக்கு ஏறி, படுத்திருப்பவரின் முதுகெலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் இடுக்கு வழியே கருகின எண்ணெய் வாசனையும் நனைந்த இரும்புத் தூளின் வாசனையும் வந்துகொண்டிருந்தன. எல்லாம் தினமும் போலத்தான் இருந்தது, அந்த ஈரத்தைத் தவிர.

போர்வையை விலக்கினார். வலது காலின் சுண்டுவிரலுக்குக் கீழே, பக்கவாட்டில், இரண்டு சிறிய துளைகள். சுற்றிலும் ரத்தம் இல்லை. அந்த இடத்தை மட்டும் யாரோ துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

வலி தெரியவில்லை. தெரியாது. பதினான்கு வருஷத்துச் சர்க்கரை வியாதி இரண்டு வருஷத்துக்கு முன்பே பாதங்களைத் தின்றுவிட்டிருந்தது. ஒருமுறை செருப்புக்குள் ஏறிய ஆணியோடு பால் பூத் வரை போய்த் திரும்பியிருக்கிறார். தரையில் சிவப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"அம்புஜம்."

அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். குனிந்து காலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பூனை" என்றாள்.

அந்த வீட்டில் அந்த வார்த்தையை ஐந்து மாதமாக யாரும் சொல்லவில்லை.

*

மார்ச் மாதம் நடந்தது அது. சுந்தரமூர்த்தி ஓசூர் ரோட்டில் ஒரு அரசாங்கக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். கடைந்து வந்த உருப்படியைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் மேடு பள்ளம் சொல்லிவிடுவார். கருவி வைத்து அளப்பதெல்லாம் அப்புறம். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இவரும் முன்கூட்டியே ஓய்வுபெற வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை சாயங்காலம் பரணில் சத்தம் கேட்டது. சாம்பல் நிறப் பூனை ஒன்று அவருடைய பழைய வரைபடங்கள் இருந்த அட்டைப்பெட்டிக்குள் குட்டி போட்டிருந்தது.

"எடுத்து வெளிய போடு."

"கண்ணே தெறக்கலீங்க. ஒரு வாரம் இருந்துட்டுப் போவட்டுமே."

"இப்பவே எடு. நாளைக்கு எனக்கு அந்தப் பேப்பரெல்லாம் வேணும்."

அம்புஜம் முக்காலிமேல் ஏறிக் கையை உள்ளே விட்டாள். கத்தவில்லை. மூச்சு தட்டினது மாதிரி ஒரு சின்னச் சத்தம். கையை வெளியே எடுத்தபோது வலது ஆள்காட்டி விரலின் அடியில் இரண்டு ஊசித் துளைகள். அவ்வளவுதான். சுந்தரமூர்த்தி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடைந்த உருப்படியைப் பார்ப்பதுபோல. "ஒண்ணுமில்ல. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சுப் போடு."

வெள்ளிக்கிழமை கம்பெனியில் அவருக்கு மாலை மரியாதை. அம்புஜம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்: "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க. யாராவது டாக்டரப் பாத்துட்டுப் போயிடலாமா?"

"பூனை பல்லு பட்டதுக்கு டாக்டரா? சிரிப்பாங்க."

சனிக்கிழமை விரல் மடங்கவில்லை. மறுபடி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது வாசல்படியில் நின்று மூன்றாவது தடவை கேட்டாள். "நாளைக்கு" என்றார், திரும்பாமல். அன்று முழுவதும் அவள் சமையலறைத் தரையில், வாளித் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை காலை முழங்கைவரை ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது.

கூட்டிக்கொண்டு போனது டாக்டர் வீணாவிடம். கன்னடக்காரர்; அந்தப் பக்கத்து நோயாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் பழகினவர். கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போனது.

"யாக்கெ சார் இஷ்டு லேட்? ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க? பூனைப் பல்லு ஊசி மாதிரி. கிருமியக் கொண்டுபோய் ஆழத்துல வெச்சிடும். மேல தோலு மூடிக்கும், உள்ள சீழ் கட்டும். கடிச்ச ஒடனே பைப்புத் தண்ணியில, சோப்புப் போட்டு, பதினஞ்சு நிமிஷம் கழுவணும். அன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். நீங்க வெள்ளிக்கிழமை வந்திருந்தா ஒரு வாரம் மாத்திரையோட போயிருக்கும்."

விரலுக்குள் ஓடும் தசைநாணின் உறைக்குள் சீழ் இறங்கிவிட்டது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். இரண்டு தடவை கீறினார்கள். இரண்டாவது தடவை ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். அடுத்த விரல் மரக்குச்சிபோல் நின்றுவிட்டது. உள்ளங்கையில் உணர்ச்சி திரும்பவில்லை. வெறிநாய்க்கடி ஊசி ஐந்து, தேதி தப்பாமல் சுந்தரமூர்த்தியே அவளைக் கூட்டிப்போய்ப் போடவைத்துக்கொண்டு வந்தார். ஐந்தும் முடிந்தது. அவளுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அம்புஜம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அழவுமில்லை. "வலிக்குதா?" என்று ஒரு நாள் கேட்டபோது, "எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியல" என்றாள்.

அதற்கப்புறம் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள். வலது கையால் பிசைய முடியாது. இடது கையால் சாப்பிட மாட்டாள். ஸ்பூன் வாங்கி வந்து கொடுத்ததை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். ஜூன் மாதத்தில் ஒருநாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். பாதி சாத்தின கதவுக்குப் பின்னால் தட்டைத் தரையில் வைத்துக்கொண்டு அவள் குனிந்திருந்தாள். கைகள் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. வாய் தட்டில் இருந்தது. அவர் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை. நாக்கு மட்டும் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

சுந்தரமூர்த்தி தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தார். அதைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் பேசவில்லை.

*

டாக்டர் வீணா காலின் துளைகளைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் பூனையா? எப்போ கடிச்சுது?" என்றார்.

"தெரியல டாக்டர்."

"கடிச்சது எப்படி சார் தெரியாமப் போகும்?" கேட்டுவிட்டு அவரே ஒரு குண்டூசியை எடுத்தார். பாதத்தில் அங்கங்கே குத்திக்கொண்டு போனார். சுந்தரமூர்த்தி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"சர்க்கரைக்காரங்க காலு. இதுல ஒரு கடிவாய் சீழ் புடிச்சா எலும்புக்குப் போயிடும். கழுவறது எப்படின்னு உங்களுக்குச் சொல்லவே வேணாம். டெட்டனஸ் ஊசி இப்பவே போடறேன். மாத்திரை ரெண்டு வேளை. நாய்க்கடி ஊசியும் தொடங்கிடலாம். ஜன்னலைத் தெறந்து வெச்சுட்டுப் படுக்காதீங்க."

அன்றிலிருந்து ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி வலை. பின்கதவின் அடியில் சாக்கு. பரணுக்குப் பலகை அடித்தாயிற்று. கீழ் வீட்டிலிருந்த வீட்டுக்காரம்மா சந்திரம்மா சுத்தியல் சத்தம் கேட்டு மேலே வந்து பார்த்தாள்.

"யாவ பெக்கு சார்? எந்தப் பூனை? பட்டறைக்காரங்க ரெண்டு நாயி கட்டினதுலேர்ந்து இந்த ரோட்லயே பெக்கு இல்ல. அம்புஜம்மா, நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல" என்றாள் அம்புஜம்.

தினமும் காலையில் அவள்தான் கழுவினாள். குளியலறைப் படியில் அவரை உட்காரவைத்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு நுரையால் துளைகளைச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பாள். ஹாலில் இருந்த கடிகாரத்தைக் கதவு வழியாகப் பார்த்துக்கொள்வாள். பதினைந்து நிமிஷம். ஒரு நிமிஷம் குறையாது. நான்கு விரலுள்ள அந்தக் கை தன் பாதத்தின்மேல் ஊர்வதை சுந்தரமூர்த்தி கண்ணால் மட்டும் பார்ப்பார். தொடுகிற உள்ளங்கைக்கும் தெரியாது, தொடப்படுகிற காலுக்கும் தெரியாது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருக்கும். அப்போதெல்லாம் தொண்டைவரை ஒரு வாக்கியம் வரும். அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும் அம்புஜம். குழாயை மூடும்போது அது திரும்ப உள்ளே போய்விடும்.

நான்காம் நாள் மத்தியானம், குதிகாலில் புதிதாக ஒரு கடிவாய். ஜன்னல் மூடியிருந்தது. வலை கிழியவில்லை. சாக்கு வைத்த இடத்தில் இருந்தது.

எட்டாம் நாள் இன்னொன்று. இது பெரிது. போர்வையின் ஈரம் முழங்கால்வரை ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு சுந்தரமூர்த்தி மத்தியானத்தில் தூங்காமலிருக்கப் பார்த்தார். பேப்பரை எடுத்து வைத்துக்கொள்வார். சாப்பாட்டுக்குப் பின் வரும் அந்தக் கனத்த அசதி, லேத்துகளின் ஒரே சுருதி, மூடின அறையின் வெக்கை, மூன்றும் சேர்ந்து அவரை அமுக்கிவிடும். விழிக்கும்போது பேப்பர் மடித்து மேஜைமேல் இருக்கும். போர்வை இழுத்து மூடப்பட்டிருக்கும். மூக்குக் கண்ணாடி கழற்றி வைக்கப்பட்டிருக்கும். ஒரு நல்ல மனைவி செய்கிற காரியங்கள்.

கால்பக்கம் நனைந்திருக்கும்.

*

இருபதாம் நாள் பாதத்திலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. பூ அழுகுகிற வாடை. டாக்டரிடம் கிளம்பினபோது அம்புஜமும் கூடவே வந்தாள். ஆட்டோவில் அவர் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கிளினிக்கில் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் வீணா விளக்கை இழுத்து அருகில் வைத்தார். கட்டைப் பிரித்தார். பழைய கடிவாய்களைப் பஞ்சால் துடைத்தார். பாதத்தின் உள்பக்கம், பெருவிரலுக்குக் கீழே இருந்த புதியதைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் அவளும்."

"சின்னப் பசங்க? வேலைக்காரங்க?"

"எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல டாக்டர். யாரும் இல்ல."

டாக்டர் பேனாவை எடுத்து, தோலில் படாமல், காயத்துக்கு மேலாகக் காட்டிக்கொண்டு போனார். "பூனைன்னா ரெண்டு ஓட்டை, மிஞ்சினா நாலு. ஆழமா இருக்கும். இதப் பாருங்க. வளைவா இருக்கு. மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை. தட்டையான பல்லு." பேனாவை மூடி வைத்தார். "மருந்து ஒண்ணும் மாறாது. மனுஷ வாயும் பூனை வாய் மாதிரிதான், சார். ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல."

சுந்தரமூர்த்தி குனிந்து பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் பார்த்துப் பழகின கண். மேல் வரிசையில் ஆறு தடங்கள். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது மட்டும் வரிசையை விட்டு உள்ளே தள்ளி விழுந்திருந்தது. ஒரு நூல் அளவு. அந்த ஒதுங்கின பல்லை அவருக்குத் தெரியும். குடியாத்தத்தில் பெண் பார்க்கப் போன அன்று, காபித் தட்டை நீட்டியபோது அவள் உதட்டைக் கடித்து அதை மறைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் சிரிக்கும்போதெல்லாம் கையால் மறைப்பாள். வலது கையால்.

"எலியா இருக்கும் டாக்டர்" என்றார்.

டாக்டர் அவரையே பார்த்தார். "எலி இல்ல சார்."

"பட்டறையில நெறைய எலி."

"நாளைக்குக் காலைல வந்து அட்மிட் ஆகிடுங்க. நான் லெட்டர் எழுதித் தரேன். ஊசி வழியாத்தான் மருந்து போகணும் இனிமே. ரெண்டு வெரல் போகலாம். இன்னும் லேட் பண்ணா பாதம் போகும், அப்பறம் உங்க உயிருக்கே நான் கேரண்டி இல்ல. அவங்களையும் யாராவது டாக்டருக்குக் காட்டணும். நான் பேசட்டுமா?"

"வேணாம். நான் பேசிக்கறேன்."

திரும்பும்போது ஆட்டோவின் பக்கவாட்டுத் துணி மழையில் படபடத்தது. அம்புஜம் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எலியாம்."

"ம்."

சிக்னலில் வண்டி நின்றது. அவள் உதட்டு ஓரத்தை நாக்கால் ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"அந்தப் பூனை இருந்தப்ப எலியே இல்ல" என்றாள்.

*

மறுநாள் காலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பையில் இரண்டு வேட்டியும் துண்டும் மடித்து வைத்திருந்தாள் அம்புஜம். டாக்டர் கொடுத்த கடிதம் அதன்மேல் இருந்தது. காபி குடித்தார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டாள். "சாயங்காலம் போவோம்" என்றார். அவள் வழக்கம்போல் காலைக் கழுவினாள். பதினைந்து நிமிஷம்.

மத்தியானம், அசதி அமுக்கிவிடக்கூடாதென்று, தயிர்ச்சாதத்தில் நாலு வாய்க்குமேல் அவர் சாப்பிடவில்லை. மீதியைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்தார். கண்ணை மூடினார், இமை முழுவதும் சேராமல். சேராத இடைவெளியில் கட்டிலின் கால்பக்கம் மங்கலாகத் தெரிந்தது. மூடின ஜன்னலின் சாம்பல் வெளிச்சம். கொடியில் காயாத ஈரத் துணிகள். மூச்சை நீளமாக இழுத்து நீளமாக விட்டார், தூங்குகிறவர் போல. பட்டறையின் சத்தம் அறையை நிறைத்துக்கொண்டு நின்றது. அதற்கடியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றதையும், சமையலறை விளக்கின் ஸ்விட்ச் தட்டுப்பட்டதையும், அப்புறம் வெகுநேரம் எதுவுமே நடக்காமல் இருந்ததையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் வரவே இல்லை. இமைகள் எப்போதோ தாமாகச் சேர்ந்துவிட்டிருந்தன.

கரண்ட் போனது.

லேத்துகள் ஒவ்வொன்றாகச் சுருதி இறங்கி நின்றன. பட்டறையில் யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அதுவும் நின்றது. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர்.

இன்னொரு சத்தமும் இருந்தது.

அது ஏற்கெனவே இருந்திருக்கிறது. லேத்துகள் ஓடும்போதே இருந்திருக்கிறது. எத்தனையோ நாளாக.

மெதுவாக. ஈரமாக. நக்குகிற சத்தம்.

அவர் இமைகளை ஒரு மயிரளவு திறந்தார்.

கட்டிலின் கால்பக்கம், தரையில் மண்டியிட்டு அம்புஜம். நரைத்த வகிடு. அதில் காலையில் வைத்த குங்குமம். கட்டு அவிழ்ந்து ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இடது கை அவர் குதிகாலைத் தாங்கியிருந்தது, குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல. விரல் போன கை மெத்தையில் மல்லாந்து கிடந்தது. தலை அசைந்தது. நின்றது. அசைந்தது. தாடை இறுகுவது கன்னத்தில் தெரிந்தது.

காலில் ஒன்றும் தெரியவில்லை.

கோபமில்லை அவள் முகத்தில். வெறி இல்லை. பசிகூட இல்லை. அரிசியில் கல் பொறுக்கும்போது இருக்குமே, அந்த முகம்.

கத்தலாம். காலை இழுத்துக்கொள்ளலாம். பை வாசலில் இருக்கிறது. கீழே சந்திரம்மா இருக்கிறாள். ஒரு சத்தம் போட்டால் போதும்.

தொண்டையில் அந்த வாக்கியம் வந்து நின்றது.

அவள் நிமிர்ந்தாள். நேராக அவர் கண்களைப் பார்த்தாள். அவர் விழித்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததில் அவளிடம் எந்த மாற்றமும் இல்லை. உதடும் மோவாயும் பளபளத்தன. காத்திருந்தாள். வாசல்படியில் நின்று மூன்றாவது தடவை கேட்டுவிட்டுக் காத்திருந்தாளே, அதுபோல.

சுந்தரமூர்த்தி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியது இருந்த இடத்திலும் இப்போது ஒன்றும் தெரியவில்லை. வலியில்லை. பயம்கூட எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

போர்வைக்குள்ளிருந்து இடது காலை எடுத்தார். மெதுவாக அவள் பக்கம் நீட்டினார்.

அம்புஜம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முழங்காலால் நகர்ந்து கட்டிலின் அந்தப் பக்கம் வந்தாள். நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், அவசரமில்லாமல். ஒரு கீறல்கூட இல்லாத அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கரண்ட் வந்தது. லேத்துகள் ஓடத் தொடங்கின.

அந்தச் சத்தத்துக்குள் அவள் தலை குனிந்தது.